வெடக்கோழிக் கணக்கு

எங்கள் அம்மாயி கோழி வாங்கும்போது இறகின் நிறத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டு காலையும் இடக்கையில் சேர்த்துப் பிடித்துக் கோழியைத் தலைகீழாகத் தூக்குவார். வலக்கைக் கட்டைவிரலால் நெஞ்செலும்பின் அடிநுனியை அழுத்துவார். நுனி வளைந்து கொடுத்தால் ஒரு 'ம்'. கல் மாதிரி நின்றால் கோழியைக் கீழே விட்டுவிடுவார். அடுத்தது பின்பக்கம். எச்சம் போடுகிற இடத்தின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்ப்பார். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் முட்டைக்கு வரவில்லை. இரண்டு, மூன்று விரல் போனால் முட்டையிடுகிற கோழி. "வெடக்கோழிதான் கண்ணு, புடிச்சுக் கட்டு" என்று கடைசியில் தீர்ப்பு வரும்.

அந்தக் கட்டைவிரல் சோதனை வீட்டு வழக்கம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிற்பாடு பார்த்தால் இறைச்சி அறிவியலும் அதையேதான் சொல்கிறது. இளங்கோழியின் நெஞ்செலும்பு நுனி குருத்தெலும்பாக இருக்கும். மாதங்கள் போகப் போகச் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும். அம்மாயியின் விரல் தேடியது வயதை. வெடக்கோழி என்ற சொல்லே ஒரு வயதுக்கு வைத்த பெயர்தான்: வளர்த்தி முடிந்து, முதல் முட்டைக்கு முன்னால் நிற்கிற பெட்டை. ஊர்க்கோழிக்கு அது ஐந்து, ஆறு மாதம்.

இன்று நாட்டுக்கோழி என்றதும் பேச்சு இனத்தைச் சுற்றியே போகிறது. சிறுவிடையா, பெருவிடையா, அசிலா, கடக்நாத்தா என்று கேட்கிறார்கள். ருசி ரத்தத்தில் ஓடுகிறது என்று நம்புகிறார்கள். ஓடுகிறதுதான், கொஞ்சம். ஆனால் சட்டியில் நமக்குத் தட்டுப்படுகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு நாள்கணக்கின் வேலை என்பது என் கட்சி.

ரத்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் முகம் சுளிக்கிற பிராய்லரின் உடம்பிலும் நம் நாட்டுச் சேவல் இருக்கிறது. பிராய்லரின் தகப்பன் வழி கார்னிஷ் என்ற இனம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த வால்டர் கில்பர்ட் என்ற படைத்தளபதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போன அசில் சேவல்களை அங்கிருந்த சண்டைக் கோழிகளோடு சேர்த்தார் என்பது வரலாறு. அவருக்கு வேண்டியது இன்னும் மூர்க்கமான சண்டைச் சேவல். கிடைத்ததோ, சண்டைக்கு உதவாத, நெஞ்சு அகன்ற, சதை பிடித்த ஒரு பறவை. அதற்கு 'இந்தியன் கேம்' என்றுதான் முதலில் பெயர். பிறகு அமெரிக்காவில் அந்த நெஞ்சுக்காகவே அதை வளர்த்து, ஒயிட் ராக் என்ற வெள்ளைக் கோழியோடு கலந்தார்கள். பல்லடத்துப் பண்ணைகளில் இன்று வளர்கிற வெள்ளைக் கோழிகளின் மூதாதையரில் அசிலும் ஒன்று. அந்த அசிலையும் யாரும் குழம்புக்காக உருவாக்கவில்லை. சண்டைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். சேவல்கட்டு நம் மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் நிற்கும் நடுகல் சாட்சி. சண்டையில் மாண்ட ஒரு கோழிக்கு எடுத்த கல் அது, ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டுக்கோழியும் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்றார் டார்வின். பெரும்பாலும் சரிதான். ஆனால் கோழித்தோலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு வடிவம் அதிலிருந்து வரவில்லை என்று 2008இல் சுவீடன் மரபியலாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வு காட்டியது. அது தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியின் சொத்து. இந்த வடிவம் உள்ள கோழி, தின்ற கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள மஞ்சள் நிறமியைத் தோலில் சிதைக்காமல் சேர்த்து வைக்கும். உலகம் முழுவதும் கறிக்கு வளர்க்கிற கோழிகளில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. ஆக, மஞ்சள் தோலை வைத்து மட்டும் நாட்டுக்கோழி என்று தீர்மானிக்க முடியாது. மேய்ந்ததா, என்ன தின்றது என்பதை வேண்டுமானால் ஓரளவு ஊகிக்கலாம்.

ரத்தத்தில் அசலான வித்தியாசம் ஒன்று உண்டு. அது வளரும் வேகம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1957ஆம் ஆண்டுக் கோழி வகை ஒன்றையும் 1978ஆம் ஆண்டு வகை ஒன்றையும் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டுப் பிராய்லரையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனத்தைப் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். 'ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள்' என்ற வதந்திக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஊசி இல்லாமலே, அரை நூற்றாண்டுத் தேர்வில், கோழி நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. நம் கடைகளுக்கு வருகிற பிராய்லர் பெரும்பாலும் ஆறு வாரத்துக் குஞ்சு. இரண்டு கிலோ எடை இருந்தாலும் அது குஞ்சுதான். சிறுவிடை ஒன்றரைக் கிலோவைத் தொட ஐந்து மாதம் ஆகும்.

இந்த வேகம் சதையை என்ன செய்கிறது? கோழியின் தசை நார்கள் எத்தனை என்பது முட்டைக்குள்ளேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பொரிந்த பிறகு நார் பெருகுவதில்லை. இருக்கிற நார் பருக்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு நாரும் தடித்தே ஆக வேண்டும். ஊர்க்கோழியின் நார் மெலிசு, நெருக்கம். பல்லுக்கு அது இறுக்கமாகத் தெரிகிறது, மெல்ல மெல்லச் சாறு விடுகிறது. பிராய்லர் நெஞ்சுக்கறியில் வேகம் எல்லை மீறியதன் தடயத்தைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம்: நாரின் போக்கிலேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக் கோடுகள். இதைவிட முற்றிய கோளாறு ஒன்றை 2014இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். நெஞ்சுக்கறி மரக்கட்டை போல விறைத்துவிடும். நார்கள் பருக்கும் வேகத்துக்கு ரத்த நாளங்கள் ஈடுகொடுக்க முடியாமல், நார்கள் சிதைந்து, அந்த இடத்தை இணைப்புத் திசு பிடித்துக்கொள்வதால் இது வருகிறது என்று கருதுகிறார்கள்.

இனி வயதுக்கு வருவோம். கறியின் இறுக்கத்தைத் தீர்மானிப்பதில் கொலாஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. தசை நார் ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உறை, நார்க்கட்டைச் சுற்றி இன்னொன்று, முழுத் தசையைச் சுற்றி மற்றொன்று என்று இந்தப் புரதம் போர்த்தியிருக்கிறது. மூன்று இழை முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் கோழியில் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் போட்ட முடிச்சுகள் இளக்கமானவை, சூடு பட்டதும் அவிழும். வயதாக ஆக அதே முடிச்சுகள் சூட்டுக்கும் அசையாத முடிச்சுகளாக மாறுகின்றன. கிழட்டுச் சேவலில் கொலாஜன் அதிகம் என்பது பொதுவான நினைப்பு. அளவு பெரிதாக மாறுவதில்லை, அவிழ மறுக்கிற பங்குதான் கூடுகிறது. பிராய்லர் கறி இருபது நிமிடத்தில் வெந்து, இன்னும் பத்து நிமிடம் விட்டால் குழைந்து எலும்பை விட்டு நழுவுவதும், மூன்று வருடத்துச் சேவல் குக்கரில் எட்டு விசில் வந்தும் அசையாததும் இதனால்தான்.

வெடக்கோழி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முடிச்சுகள் விழுந்திருக்கின்றன, ஆனால் முக்கால் மணி நேரக் கொதிக்கு மசியும். அறுபது டிகிரி தாண்டியதும் கொலாஜன் சுருங்கி, கறியைப் பிழிந்து நீரை வெளியே தள்ளும். அந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்தால் கறி ரப்பர். பொறுமையாகத் தண்ணீரில் கொதிக்க விட்டால் அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்பு சாப்பிட்டு முடித்ததும் உதடு லேசாக ஒட்டுகிறதே, அது ஜெலட்டின். மிச்சக் குழம்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை எண்ணெய்க்கு அடியில் களி மாதிரி ஆடும். மார்கழியில் எங்கள் ஊரில் அதற்குப் பெட்டியும் வேண்டியதில்லை.

முட்டைக்கு முந்தைய பருவத்துக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. முட்டையிடத் தயாராகும் பெட்டையின் உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டலால் கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும். தோலுக்கு அடியிலும் அடிவயிற்றிலும் மஞ்சளாகத் திரண்டிருக்கும். முட்டையிட ஆரம்பித்தால் அந்தச் சேமிப்பு மஞ்சள் கருவுக்குப் போகத் தொடங்கும். சேமித்து முடித்த, செலவழிக்கத் தொடங்காத கோழியைத்தான் 'ஒரு விரல், இரண்டு விரல்' கணக்கு பிடித்துக் கொடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரை அம்மாயி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விரலைத்தான் நம்பியிருப்பார்.

ருசியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. ஜப்பானில் ஷின்தாரோ கோடாமா 1913இல் காய்ந்த சூரை மீனின் ருசிக்குக் காரணமான ஐனோசினிக் அமிலத்தைக் கண்டார். கோழிக்கறியின் ருசியிலும் அதற்குப் பங்குண்டு. உயிர் போன பிறகு தசையில் மிச்சமிருக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி படிப்படியாகச் சிதையும்போது இது உருவாகிறது. நாட்டினத்தில் இது அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுவதால் நான் இதில் பந்தயம் கட்டமாட்டேன். அகிதா மாநிலத்தின் ஹினாய் கோழியை வைத்து நடந்த ஆய்வுகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. ஹினாய்தோரி என்ற பழைய இனத்தை 1942இல் ஜப்பான் அரசு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது. இன்று சந்தைக்கு வருவது அதன் சேவலையும் ரோட் ஐலண்ட் ரெட் பெட்டையையும் சேர்த்த கலப்பு. அதன் கறியில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பிராய்லரைவிடக் கூடுதல் என்று கண்டார்கள். அத்தோடு நிற்காமல், அந்த அமிலம் மிகுந்த எண்ணெயைப் பிராய்லர்களுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்து, கறியைச் சுவைப்பவர்கள் முன்னால் வைத்தார்கள். கறி ருசி கூடியிருந்தது என்றே அவர்கள் சொன்னார்கள். ருசியின் ஒரு பகுதி தீவனச் சாக்கு வழியாகவும் ஏறும் என்பது பெருமைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

இன்னும் கசப்பான ஒரு சந்தேகம் எனக்கு. நாம் ருசி என்று ஒப்பிடுவது பல நேரம் கோழியையே அல்ல. பிராய்லரைத் தோலை உரித்துக் கொடுக்கிறார்கள், அரை மணி நேரத்தில் சமைக்கிறோம். நாட்டுக்கோழியைச் சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தென்னை ஓலையிலோ வைக்கோலிலோ வாட்டி, தோலோடு வெட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். கோழிக்கே உரிய மணம் பெரும்பாலும் கொழுப்பு சூட்டில் உடைவதால் பிறக்கிறது. அந்தக் கொழுப்பு இருப்பது தோலில். வாட்டும்போது தோலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து கருகும் வாசனை தனி. ஒன்றுக்குத் தோலை எடுத்து எறிந்துவிட்டு, மற்றொன்றுக்கு இத்தனை சீரும் செய்துவிட்டு, இனத்தின் மகிமை என்று சொல்வது அநியாயம். ஒருமுறை பிராய்லரைத் தோலோடு வாங்கி வாட்டிச் சமைத்துப் பார்த்தேன். நாட்டுக்கோழி ஆகிவிடவில்லை, கறி குழைந்துதான் போனது. ஆனால் மணத்தில் பாதி தூரம் வந்துவிட்டது.

வயதுதான் எல்லாம் என்றால் முட்டைக்கோழியை ஏன் யாரும் கொண்டாடுவதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வருடம் முட்டையிட்டு ஓய்ந்த லெக்ஹார்ன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வயது ஏராளம். ஆனால் அது முட்டைக்காகவே ஒல்லியாக்கப்பட்ட உடம்பு. நெஞ்சில் சதை இல்லை. கூண்டை விட்டு நடக்கவில்லை. முடிச்சுகளோ முற்றி இறுகிவிட்டன. கறி நார்நாராக வரும். ஆனாலும் அதன் சாற்றை ஒரு தடவை நிதானமாக இறக்கிக் குடித்துப் பாருங்கள். பிராய்லர் சூப்பு அதற்கு முன் வெந்நீர். வயது சாற்றுக்கு வேலை செய்துவிட்டது, கறிக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

பிராய்லரையே ஐந்து மாதம் வளர்த்தால் என்ன? தாங்குவது கடினம். எடை ஏற ஏற அதன் காலும் இதயமும் திணறும். பிராய்லர் குஞ்சுகளைத் தருகிற தாய்க்கோழிகளை ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதால், பண்ணையில் அவற்றுக்கு அளந்து அளந்துதான் தீனி போடுகிறார்கள். கேட்கிற அளவு கொடுத்தால் சதை போட்டே சாகும். இனம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. நாட்டினத்தின் உடம்புதான் வயதைத் தாங்கும். நடந்து, பறந்து, தொடைக்கறியில் மயோகுளோபின் என்ற நிறமி ஏறிச் சிவக்கிற வரை அதனால் காத்திருக்க முடியும்.

உடல்நலப் பேச்சுக்கு நான் இரண்டே பத்தி ஒதுக்குவேன். கடக்நாத்தின் கறுப்புக்கு மருத்துவ குணம் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி அது, 2018இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் தோலும் எலும்புறையும் உள்ளுறுப்பும் கறுத்திருப்பது மெலனின் நிறமியால். மரபணுத் தொகுப்பின் ஒரு துண்டு இரட்டித்துவிட்டதால், நிறமி செல்கள் போக வேண்டாத இடமெல்லாம் போய்க் குடியேறியிருக்கின்றன. நம் தலைமுடியில் இருக்கிற நிறமிதான். கொழுப்பே இல்லாத கோழி என்ற விளம்பரத்தில் ஒரு தந்திரம் உண்டு: அதன் நெஞ்சுக்கறியை எடுத்துப் பிராய்லரின் தோலோடு சேர்ந்த முழுக்கறியோடு ஒப்பிடுவது. தோல் நீக்கிய பிராய்லர் நெஞ்சுக்கறியிலும் 100 கிராமுக்குக் கொழுப்பு இரண்டு மூன்று கிராம்தான். கொலஸ்ட்ராலே இல்லாத கறி என்பதும் கிடையாது: கொலஸ்ட்ரால் செல் சவ்வுகளின் பகுதி, சவ்வில்லாத கறி ஏது?

சளிக்கு நாட்டுக்கோழி சூப்பு என்பதைக் கேலி செய்யமாட்டேன். நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2000இல் கோழி சூப்பு சில வெள்ளணுக்களின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவதைக் காட்டினார்கள். சோதனைக்கூடத்துத் தட்டில்தான், மூக்கில் அல்ல; நாட்டுக்கோழியும் அல்ல. பிராய்லரில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. கறியின் ருசிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் விஷயம் சிறியதல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வயதுக் கணக்கைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். லேபிள் ரூஜ் என்ற சிவப்பு முத்திரை கோழிக்கு 1965 வாக்கில் வந்தது. மெதுவாக வளரும் வகையாக இருக்க வேண்டும், 81 நாளுக்கு முன் அறுக்கக் கூடாது. 1957இல் தனிப் பெயருரிமை பெற்ற பிரெஸ் கோழிக்கு அதைவிடவும் கூடுதல் நாள். ஜப்பானில் ஜிதோரி என்று முத்திரை குத்த உள்ளூர் இன ரத்தம் பாதியாவது இருக்க வேண்டும், 75 நாளாவது வளர்த்திருக்க வேண்டும். இனமும் சொல்கிறார்கள், நாளும் சொல்கிறார்கள். நம் ஊர்க் கடைப் பலகையில் நாட்டுக்கோழி என்று சாக்பீஸில் எழுதியிருக்கும், பக்கத்தில் கிலோ விலை. நாள் இருக்காது. உள்ளே நிற்பது வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினமா, கலர் பிராய்லரா என்பது கோழிக்குத்தான் தெரியும்.

போன மாதம் அப்படி ஒரு கடையில் நின்றேன். கூண்டில் செம்பழுப்பும் கறுப்புமாகப் பத்திருபது கோழிகள். எத்தனை நாள் கோழி என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி ஒரு விநாடி யோசித்து, "எழுபது நாள் இருக்குங்ணா, நல்லா சாஃப்டா வேகும்" என்றான். ஒன்றை வாங்கித் தூக்கி நெஞ்செலும்பை அழுத்தினேன். காது மடல் மாதிரி வளைந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. கடையின் பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் காலைக் கட்டிவிட்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டை கண்ணில் பட்டது. கிட்டப் போய்த் தூக்கினேன். நுனி மட்டும் வளைந்தது. பின்னால் ஒரு விரல். தோலுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது.

"இதைப் போடு தம்பி" என்றேன்.

தம்பி கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அது விக்கிறதுக்கில்லீங்ணா. ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு."